நரிப்பாறையில் இரண்டு மூச்சு

இது நடந்தது. போன வருஷம், திருத்தணியில். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த விஷயத்தில் எல்லாம் தலைகீழ். தெரிந்தவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதில் ஒருத்தியிடம் நான்தான் நச்சரித்துக் கேட்டு வாங்கினேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை.

அந்த ஒருத்தி ஜெபசெல்வி. அரக்கோணத்துக்காரி, வயது முப்பத்தெட்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், பேய் பிசாசு என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள். பொய்யே சொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொய் சொன்னாள். அதுவும் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அந்தப் பொய்தான் அவளை நரிப்பாறை மேல் கொண்டுபோய் உட்கார வைத்தது.

ஆர்.கே.பேட்டை போகிற ரோட்டில் ஒரு அரிசி ஆலை மூடிக் கிடக்கிறது. அதன் மொட்டை மாடியில் சென்னைக் கம்பெனி ஒன்று புது ரேடாரை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. விமானம் இறங்கும் இடத்தில் குறுக்கே வரும் பறவைகளைக் கண்டுபிடிக்கிற ரேடார். ரேடார் என்றதும் தலை சுற்றுகிற தட்டு நமக்கு ஞாபகம் வரும். இது சுற்றாது. கதவு அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பலகை, அவ்வளவுதான். உள்ளே வரிசை வரிசையாக ஐந்நூற்றுப் பன்னிரண்டு குட்டி ஆன்டெனாக்கள். ஃபேஸ்டு அரே என்று பெயர். தேர் வடம் பிடிக்கும்போது ஒரு பக்கத்து ஆட்கள் கொஞ்சம் தாமதித்து இழுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும் இல்லையா? அதே கணக்குத்தான். ஒரு பக்கத்து ஆன்டெனாக்கள் துளி தாமதமாக அலையை விட்டால், பலகை அசையாமலே அலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கண் இமைக்கிற நேரத்தில் நூறு இடத்தைப் பார்க்கும். ஒரு இடத்தின் மேல் அக்கறை வந்துவிட்டால், மற்ற வேலைக்கு நடுவே தானாகவே அங்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளும். சத்தமே கிடையாது. பலகையின் சூட்டைத் தணிக்கிற ஃபேன் மட்டும் ஓடும். ஒரே இடத்தை அதிகம் பார்த்தால் சூடு ஏறும், ஃபேன் இரையும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாறை, பனைமரம், வீடு எல்லாம் திரையில் தெரிந்தால் பறவை எங்கே தெரியப்போகிறது? அதனால் நகராத எதையும் திரையிலிருந்து அழித்துவிட ஒரு ஃபில்டர் உண்டு. நகர்ந்தால் பச்சைப் புள்ளி. நின்றால் ஒன்றுமில்லை. மனுஷனுக்கும் அதே சட்டம்தான்.

ரேடார் சரியாகப் பின்தொடர்கிறதா என்று பார்க்க, நடப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கண்ணையன். வயது ஐம்பத்து நாலு. வீட்டில் இரண்டு விசைத்தறி, அதில் ஒன்று ஓடாது. ஆலைக்கு எதிரே இருக்கிற நரிப்பாறை என்ற சின்னக் குன்றின் அந்தப் பக்கம்தான் அவர் வீடு. மூன்று தகரத்தை மூலைபோல் ஒட்டி ஒரு கம்பில் மாட்டியிருப்பார்கள், அலையைத் திருப்பி அனுப்புவதற்கு. அதைத் தோளில் வைத்துக்கொண்டு தினமும் குன்று மேல் ஏறி இறங்குவது அவர் வேலை. வருஷா வருஷம் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற மனுஷன். தகரத்தையும் காவடி மாதிரிதான் எடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, "அரோகரா! செல்விம்மா, உன் மெஷின உசுப்பு, நான் கெளம்பிட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நடப்பார்.

செல்வி மாடியில் தகரக் கொட்டகைக்குள் திரை முன்னால் உட்கார்ந்து நேரம் குறிப்பாள். நடுவில் கண்ணையன் பீடி பிடிக்க உட்கார்ந்தால் புள்ளி மறைந்துவிடும். "ஓய்வு" என்று எழுதுவாள். பத்து நிமிஷத்தில் புள்ளி திரும்ப வரும். மூன்று மாதம் தினமும் இதுதான் நடந்தது.

ஆடிக் கிருத்திகை முடிந்த மறு வாரம், வெள்ளிக்கிழமை.

பிற்பகல் 3:42. நரிப்பாறை நடுவில் புள்ளி மறைந்தது. செல்வி "ஓய்வு" என்று எழுதினாள்.

4:05 வரைக்கும் வரவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. 4:30-க்கு மழை பிடித்துக்கொண்டது. போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மழை வந்தால் போனை பாலிதீன் பையில் சுற்றி மடியில் செருகிக்கொள்வது கண்ணையன் வழக்கம். அந்தப் பக்கமாகவே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். அதுவும் அவர் வழக்கம்தான். 5:30-க்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அந்தப் பக்கம் அவர் மனைவி சந்திரா, மழையில் எங்கே வரப்போகிறார், ஆலையிலேயே படுத்திருப்பார் என்று நினைத்தாள். இவள் அங்கே இருப்பார் என்று நினைக்க, அவள் இங்கே இருப்பார் என்று நினைக்க, விடிய விடிய மழை.

மறுநாள் காலை 7:05-க்கு ஆடு மேய்க்கப் போன சுப்பன் பார்த்தார். பாறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. எத்தனை மணிக்கு உயிர் போனது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்க நனைந்த உடம்பு.

ஆஸ்பத்திரி வாசலில் சந்திரா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மெஷின்ல பாத்துகினு இருந்தியாமே. சொல்லும்மா. வுழுந்ததும் போயிட்டாரா? இல்ல, உசுரோட கெடந்தாரா?"

"உடனே போயிட்டாருக்கா. கஷ்டப்படல."

அதுதான் அந்தப் பொய். செல்விக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்ல முடியும்? ஆனால் சொன்ன நிமிஷத்திலிருந்து அந்தக் கேள்வி சந்திராவை விட்டு செல்விக்கு வந்துவிட்டது. உடனே போனாரா, கிடந்தாரா? நான் "ஓய்வு" என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டாரா? சோற்றில் கை வைத்தால் அது வந்தது. ஜெபத்துக்கு முட்டி போட்டால் அது வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனாள். சந்திரா ஒப்பாரி வைக்கவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசினாள்.

"செத்தவங்கள ஒரு ராத்திரி தனியா உட்ட ஊரு எங்கனா உண்டா? நாலு பேரு உக்காந்து முழிச்சிகினு இருப்பாங்க. எறும்பு அண்டாம பாத்துக்குவாங்க. இவரு ராவெல்லாம் மழையில அநாதையா கெடந்தாரே..."

செல்வி சாப்பிடாமலே திரும்பிவிட்டாள்.

ரேடாரில் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தவன் நாகராஜன். சென்னைக் கம்பெனி அனுப்பிய இன்ஜினியர், இருபத்தாறு வயது, செல்வியை அக்கா என்பான். கண்ணையன் இறந்த மூன்றாம் நாளே சொன்னான்.

"ஃபேன் எதுக்குக்கா இப்பிடி கத்துது?"

பகல் 3:42.

கணினியில் பார்த்தார்கள். அலை நரிப்பாறையில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. 1,180 மீட்டர் தூரம். கண்ணையன் விழுந்த இடம். திரையில் புள்ளி எதுவும் இல்லை. மாலை 6:20-க்கு ஃபேன் தானாக அடங்கியது.

மறுநாளும் 3:42. 6:20.

அதற்கு மறுநாளும்.

நாகராஜன் தலையைச் சொறிந்தான். சோதனை ஆள் எங்காவது உட்கார்ந்தால் அந்த இடத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டே இரு என்று மெஷினுக்கு ஒரு கட்டளை அவன்தான் முன்பு எழுதி வைத்திருந்தான். அதனாலிருக்கும் என்று அதை அழித்தான். நிற்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான். நிற்கவில்லை. முழு சாஃப்ட்வேரையும் புதிதாக ஏற்றினான். அன்றைக்கும் 3:42-க்கு ஃபேன் இரைந்தது.

"பாறையில தகரம் ஏதாச்சும் காத்துல ஆடும்கா" என்றான். சொன்னானே ஒழிய அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. 3:42-க்குத் தொடங்கி 6:20-க்கு நிற்கிற காற்றை யார் பார்த்தார்கள்?

இருபத்தொன்பதாம் நாள் அவன் இன்னொன்று சொன்னான். ரேடார் ராப்பகலாக ஓடுகிறது. பார்த்தது எல்லாம் பதிவாகும், ஃபில்டர் அழிப்பதற்கு முந்தினதும் சேர்த்து. முப்பது நாள் வைத்திருந்து தானே அழித்துவிடும்.

"அன்னிக்கிப் பதிவு நாளைக்கு ராத்திரி போயிடும்கா. நான் எழுதின கட்டளைப்படி மெஷின் அவர உடாமப் பாத்துகினுதான் இருந்திருக்கு. ஃபில்டர எடுத்துட்டுப் பாத்தா மூச்சு விடுற அசைவுகூட தெரியும். பாக்கணும்னா இன்னிக்கி பாத்துடுங்க."

செல்வி நாற்காலியைத் திரையைவிட்டுப் பின்னால் தள்ளினாள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சந்திராவிடம் சொல்ல வேண்டும். சொன்ன பொய்யைத் திரும்ப வாங்குவது லேசா?

"மொதல்ல மேல போய்ப் பாத்துட்டு வரேன்டா. தகரமா இன்னான்னு. அப்பறம் இதப் பாக்கலாம்."

வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு 3:05-க்குக் கிளம்பினாள். நல்ல வெயில். மேகம் ஒரு துளி இல்லை. தூரத்தில் தணிகை மலைப் படிகளில் மொட்டையடித்த தலைகள் சின்னச் சின்னதாக நகர்ந்துகொண்டிருந்தன. நரிப்பாறையில் ஆள் நடமாட்டமே இல்லை.

3:34. இடத்தை அடைந்தாள்.

ஒரு தட்டைப் பாறை. சுற்றிலும் சீத்தாப் புதர். காரியத்தன்று யாரோ வைத்த மஞ்சள் காய்ந்து கிடந்தது. தகரம் இல்லை. துணி இல்லை. ஆடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்தாள். பாறையில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. நேராக வந்தது. நடுவில் வளைந்தது. வெறும் பாறையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி நேரானது. வளைவின் நீளம் ஐந்தரை அடி இருக்கும்.

3:42.

கர்ர்... வாக்கிடாக்கி.

"அக்கா, ஃபேன் ஏறிடுச்சு. அலை உங்க கிட்டதான் வருது. ஆடாம நில்லுங்க."

"நிக்கிறேன்."

"ஆங். ஸ்கிரீன்ல மறைஞ்சிட்டீங்க. ஃபில்டர எடுக்குறேன்... இருங்க, கொஞ்சம் நேரம் புடிக்கும்."

நின்றாள். சீத்தா இலைகூட அசையவில்லை. எங்கோ ஒரு தறி ஓடுகிற சத்தம் மட்டும். தடக்... தடக்...

4:08.

"அக்கா. பக்கத்துல யாரு?"

"யாருமில்லடா."

"ஆடு? நாயி?"

"ஒண்ணுமில்ல. ஏன்?"

வாக்கிடாக்கியில் அவன் ஏதோ பொத்தானைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு மூச்சு தெரியுதுக்கா. ஒண்ணு நின்னுகினு இருக்குற ஒசரத்துல. ஒண்ணு... தரையோட. உங்களுக்கு ரெண்டடி தள்ளி."

செல்வி குனிந்து பார்த்தாள். பாறை. எறும்பு. வளைவு.

"மெஷின் ஒரே ஆள ரெண்டாக் காட்டுதோ என்னமோ. மூச்ச அடக்குங்கக்கா. பொய்யின்னா ரெண்டும் நிக்கும்."

4:10.

அடக்கினாள். காதுக்குள் நெஞ்சு அடித்தது. எண்ணினாள். பத்து... பதினைந்து... இருபத்திரண்டு. முடியவில்லை, விட்டுவிட்டாள்.

"நாகராஜா?"

வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்தினாள்.

"டேய், சொல்லுடா."

"ஒண்ணு நின்னுச்சுக்கா."

"இன்னொன்னு?"

"...எறங்கி வந்துடுங்க."

4:13.

திரும்பினாள். நடந்தாள். ஓடவில்லை, ஓட முடியவில்லை.

ஒரு அடி. இரண்டு. நாலு.

எட்டு.

அப்போது கேட்டது.

பின்னால்.

உஸ்ஸ்... க்ர்... உஸ்ஸ்...

மூச்சு.

சளி கட்டின, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. பீடி பிடிக்கிறவரின் மூச்சு. மூன்று மாதம் தினமும் மாடிப்படி ஏறி வந்து தகரத்தை எடுத்துக்கொண்டு போன மூச்சு.

செல்வி அங்கேயே நின்றாள். பயம் இருந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கும் இறங்கினேன், இன்றைக்கும் இறங்குகிறேனே... குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேனே. அவர் இங்கே கிடந்தார்.

4:16. திரும்பி வந்தாள். வளைவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா. நான் செல்வி."

உஸ்ஸ்... க்ர்...

"நீங்க உக்காந்து பீடி புடிக்கிறீங்கன்னு நெனச்சேன்ணா. தெரியாதுண்ணா எனக்கு. மன்னிச்சிடுங்க. நான் மேல வந்து பாத்திருக்கணும். வரல. வரவே இல்ல."

வாய்விட்டு அழுதாள். ஒரு கிறிஸ்தவப் பெண்பிள்ளை வெறும் பாறையைப் பார்த்து அண்ணா, அண்ணா என்று அழுவதை அந்த வெயில் நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொன்னாள். அது அவருக்குப் பழக்கமில்லையே என்று தோன்றியது. அரோகரா என்று இரண்டு தடவை சொன்னாள். ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தாளாம்.

நாகராஜன் இறங்கி வா என்று மறுபடி சொல்லவில்லை. அவனும் ஓடவில்லை. இதற்காகவே எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். நடுநடுவே வாக்கிடாக்கியில் எண்ணிக்கை மட்டும் சொன்னான்.

4:50. "நிமிஷத்துக்கு பதினெட்டுக்கா."

5:20. "பதினாலு."

5:25 இருக்கும். செல்வி தலையில் கை வைத்தாள். முடி ஈரம். தோள் ஈரம். துப்பட்டாவைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

மேலே பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது.

பாறை காய்ந்து கிடந்தது.

5:55. "ஒம்போது."

6:10. "நாலு... நடுவுல நின்னு நின்னு வருதுக்கா."

இருட்ட ஆரம்பித்தது. சத்தம் இப்போது ரொம்ப மெல்லியதாக, காதுக்குப் பக்கத்தில்.

உஸ்ஸ்...

...

உஸ்...

6:20.

"நின்னுடுச்சுக்கா" என்றான் நாகராஜன்.

6:25-க்கு செல்வி எழுந்தாள். செல்போன் வெளிச்சத்தில் இறங்கி வந்தாள். கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது மணி 6:55. நாகராஜன் அவள் துப்பட்டாவையே பார்த்தான்.

"மேல மழையாக்கா?"

"இல்லடா. அந்தப் பதிவப் போடு."

அந்தப் பதிவுக்குப் பயப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மணி நேரம், முப்பத்தெட்டு நிமிஷம். பதிலைத்தான் காதால் கேட்டுவிட்டாளே. ஆனாலும் மெஷின் அன்றைக்குப் பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவன் போட்டான். இருபத்தெட்டு நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. யாரும் திருத்த முடியாதபடி பூட்டு போட்ட பதிவு, தேதி மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபில்டரை எடுத்தான்.

3:42. தரையோடு ஒரு மூச்சு. கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

அதற்கு மேலே இன்னொரு கோடு.

"அன்னிக்கி யாருக்கா மேல இருந்தது?"

"யாருமில்லயே. மழைக்கு முன்னாடி நான் இங்கேருந்து பாத்தேனே..."

4:10. மேல் கோடு நேரானது. அசைவே இல்லை. நாகராஜன் விரலை வைத்து எண்ணினான்.

இருபத்திரண்டு விநாடி.

பிறகு மறுபடி ஏறி இறங்கியது.

4:13. மேல் கோட்டுக்கு உரியது விலகியது. எட்டு அடி. நின்றது.

4:16. திரும்பி வந்தது. தாழ்ந்தது. உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பிரிண்ட் எடுத்துக் குடு" என்றாள் செல்வி. "சந்திராக்கா கிட்ட காட்டணும்."

மணிக்கு ஒரு தாளாக, மூச்சு தெரிகிற வரைக்கும் அடி என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டு நாகராஜன் பைக் சாவியை எடுத்தான். ஹெல்மெட்டை அங்கேயே மறந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு தனியாக அங்கே நிற்க செல்விக்கும் தைரியம் வரவில்லை. மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை, நாலு தாள்தானே, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டு 7:25 பஸ்ஸைப் பிடித்தாள். அரக்கோணத்தில் போய்ச் சோறு சாப்பிட்டாள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

மறுநாள் முப்பதாம் நாள். சந்திரா வீட்டில் முப்பது கும்பிடுகிறார்கள். செல்வி காலை எட்டு மணிக்கு ஆலைக்குப் போனாள். தாள்கள் தரையில் சிதறிக் கிடந்தன. அடுக்கி ஒரு பையில் போட்டாள். எண்ணவில்லை, பார்க்கவும் இல்லை. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்பதிலேயே அவள் மனசு இருந்தது.

சந்திரா வீட்டில் தறி ஓடவில்லை. பக்கத்து வீடுகளில் ஓடியது. கண்ணையன் படத்துக்கு முன்னால் படையல் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். செல்வி சந்திராவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா. நான் உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன். அவரு உடனே போகல."

சந்திரா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி நேரம், முப்பத்தெட்டு நிமிஷம்."

சந்திரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் அறைந்துகொண்டாள், ஒருமுறை.

"ஏம்மா, அவ்ளோ நேரம் கெடந்தாரே... எங்க யாருக்கும் தெரியாமப் போச்சே. பாவி, நீ கீழதான இருந்த. நான் அந்தாண்டதான இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "தனியாவா?"

செல்வி பையிலிருந்து தாள்களை எடுத்தாள். முதல் நாலையும் தரையில் வரிசையாக வைத்தாள். கீழ்க் கோடு கண்ணையன் என்றாள். மேல் கோட்டைத் தொட்டாள்.

"இது நான்க்கா."

"இன்னாமா சொல்ற? அன்னிக்கி நீ மேல போவலியே."

"போவல."

"அப்பறம் எப்பிடி?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல. நேத்து போனேன். நேத்து உக்காந்தேன். அது அன்னிக்கிப் பதிவுல இருக்குது."

சந்திரா படிக்காதவள். ஆனால் முப்பது வருஷம் தறியில் ஒரு இழை அறுந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்த கண். தாளின் மேல் குனிந்தாள். விரலைக் கீழ்க் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். நாலாம் தாளில், 6:20-ல், கோடு படுத்துவிட்டது. விரலும் அங்கே நின்றது. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

பிறகு மேல் கோட்டைப் பார்த்தாள்.

"இது நிக்கலியே?"

செல்வி பார்த்தாள். 6:25. தான் எழுந்து இறங்கிய நேரம். கோடு எழவில்லை, விலகவில்லை. தாளின் ஓரம் வரை ஏறி இறங்கி, ஏறி இறங்கி...

கையில் இன்னும் தாள்கள் இருந்தன.

ஐந்தாம் தாளை வைத்தாள். ஏழு மணி. மேல் கோடு இருந்தது.

எட்டு மணி. இருந்தது.

நேற்று அந்த நேரம் அவள் அரக்கோணத்தில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பத்து. பன்னிரண்டு.

இரண்டு.

கோடு அசையாத உயரத்தில், உட்கார்ந்த இடத்தில், நிதானமாக, விடாமல்.

நாலு. ஐந்து.

அறை நீளம் போதவில்லை. சந்திரா எழுந்து தறிக்கு அடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கடைசித் தாள், பதினேழாவது. காலை ஏழு மணி. 7:05 வரைக்கும் மேல் கோடு இருந்தது. சுப்பன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து பார்த்த நேரம். அதற்குப் பிறகு வெறும் தாள்.

செல்வி தறியைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கிவிட்டேனே, நாகராஜன் பார்த்தானே, பஸ்ஸில் டிக்கெட் எடுத்தேனே என்று சொல்ல வாயைத் திறந்தாள். கடைசித் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

சந்திரா பதினேழு தாளையும் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தாள். முப்பது நாளாக அழாதவள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள், உடம்பு குலுங்கக் குலுங்க. அழுது முடித்து எழுந்தாள். செல்வியின் கையைப் பிடித்தாள். பிடித்த கையைச் சட்டென்று விடப்போனவள், விடவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"இன்னாமா கையி இப்பிடி சில்லுனு கெடக்குது?" என்றாள். "வா. எல போட்டுட்டாங்க. வந்து ரெண்டு வாயி சாப்புடு. ராவெல்லாம் முழிச்சிகினு இருந்திருக்க."